கால்வாய்ப் பாலத்தில் ஒடிந்ததாகச் சொல்லப்பட்ட கை: ஒரு நள்ளிரவுச் சோதனையின் நிகழ்வு ஆய்வு

பிசான நெல்லுக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். காலை ஒன்பது மணி வாக்கில், நெல்லை மாவட்டத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். போன் பக்கத்து வீட்டுக்காரருடையது.

“வக்கீலய்யா, ராத்திரி கதவ ஒடச்சி உள்ள வந்து சின்னவனத் தூக்கிட்டுப் போயிட்டாவ. இப்ப ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டு வச்சிருக்காவளாம். பெரியவனத் தேடி வந்தவ இவன எதுக்குய்யா அடிக்கணும்?”

மாவுக்கட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே எப்.ஐ.ஆரின் கடைசிப் பத்தி எனக்குக் கண்முன் வந்துவிட்டது. தப்பி ஓட முயன்றார், கால் இடறி விழுந்தார், கை ஒடிந்தது. எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் இந்த மூன்று வாக்கியமும் இதே வரிசையில்தான் வரும். சில ஊர்களில் இடறி விழும் இடம் மட்டும் மாறும், கழிப்பறையாக இருக்கும். ஸ்டேஷன் கழிப்பறை கைதிகளுக்கு மட்டும் எப்படி வழுக்குகிறது, போலீஸாருக்கு ஏன் வழுக்குவதில்லை என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது.

அந்த அம்மாள் கூப்பிட்ட வழக்கைத்தான் இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன். ஆட்களின் பெயரோ ஊரோ காவல் நிலையமோ வராது. வழக்கு நிலுவையில் இருக்கிறது. அம்மாவும் பையனும் அதே ஊரில், அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

இரண்டு கதைகள், நடுவில் நாலரை மணி நேரம்

அம்மாவுக்கு இரண்டு பையன்கள். பெரியவன் மீது நான்கு வருடத்துக்கு முந்தைய ஓர் அடிதடி வழக்கு இருந்தது. கோர்ட்டில் விடுதலையாகிவிட்டான். ஆனால் ஸ்டேஷனில் அவனைக் கண்காணிக்க அவன் பெயரில் திறந்த ஹிஸ்டரி ஷீட் என்ற ஏட்டை யாரும் மூடவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சின்னவன் வாழைத்தார் ஏற்றும் லோடுமேன். ஒரு வழக்கும் இல்லாதவன்.

மூன்று நாளைக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு கொலை நடந்திருந்தது. பதிலுக்கு இன்னொரு தலை உருளும் என்று ஊர் ஊராகப் பயந்துகொண்டிருந்த வாரம் அது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நெல்லைச் சீமையில் ஒரு கொலை விழுந்தால் அடுத்ததைத் தடுப்பதுதான் போலீஸுக்கு முதல் வேலை. தடுக்கத் தவறினால் நாமும் சேர்ந்துதான் ஏசுவோம். அந்த வாரத்தில் பெரியவன் எங்கே என்று கேட்டு வந்ததில் ஒரு தப்பும் இல்லை. வந்த விதத்தில்தான் வழக்கே இருக்கிறது.

வீட்டார் சொல்வது இது. இரவு 1.15க்குக் கதவு உதைபட்டது. தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் காக்கி, பாதிப் பேர் மப்டி. உள்ளறையில் மருமகள் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள்; அவள் எழுந்து வெளியே வருவதற்குள் டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், டிரங்குப் பெட்டியைக் கொட்டினார்கள். இரண்டு செல்போனையும் சின்னவன் தார் வெட்டும் அரிவாளையும் எடுத்துக்கொண்டார்கள். “ஏல, ஒங்கண்ணன் எங்கல?” என்று கேட்டபடி லத்தி ஓங்கியபோது சின்னவன் இடது கையைத் தூக்கித் தலையை மறைத்தான். பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எப்.ஐ.ஆர். சொல்வது வேறு. காலை 5.45க்குக் கால்வாய்ப் பாலத்தில் வாகனத் தணிக்கை நடந்தது. சந்தேகப்படும்படி நின்றவனை விசாரித்தபோது கெட்ட வார்த்தை பேசி, மறைத்து வைத்திருந்த அரிவாளை வீசி, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். பிடிக்கப் போனபோது ஓடி, கரையில் வழுக்கி விழுந்ததில் இடது கையில் அடிபட்டது. புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 296(பி), 132, 351(3), கூடவே ஆயுதச் சட்டம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 353, 506(2) என்ற மும்மூர்த்திகள்தான் புதுச் சட்டத்தில் வேறு எண்களோடு வந்திருக்கிறார்கள். கைப்பற்றுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்து, வழக்கம்போல, வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும்.

1.15க்கும் 5.45க்கும் நடுவில் நாலரை மணி நேரம். அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்பதுதான் மொத்த வழக்கும்.

என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வழக்குகளில் அடித்தார்களா இல்லையா என்று நேராக மோதுகிறவர் தோற்பார். ஒரு பக்கம் ஏழெட்டு போலீஸ்காரர்கள், மறுபக்கம் ஒரு தாயும் மகனும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டால் வழி கிடைக்கும். போலீஸ் எழுதுகிற ஒவ்வொரு காகிதத்திலும் மணி இருக்கும். பொய் சொல்லும்போது எல்லா மணியையும் ஒத்துப்போக வைப்பது சிரமம். கடந்த சில ஆண்டுகளில் வந்த முக்கியமான தீர்ப்புகளைப் படித்தால், நீதிமன்றங்களும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அடிக்காதே’ என்று சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து, ‘எழுதிக் கொடு, படம் பிடி, நேரம் போடு’ என்கின்றன.

எங்களுக்கு முதல் மணி கிடைத்தது பக்கத்து வீட்டுக்காரரிடம். சத்தம் கேட்டு 1.41க்கு அவர் 100க்கு அடித்திருக்கிறார். திருடன் என்று நினைத்தாராம். ‘போலீஸ்தான் வந்திருக்கு’ என்று பதில் வந்ததும் வைத்துவிட்டார். இரண்டாவது மணி, தெருமுனைப் பலசரக்குக் கடையில். கடை வாசலில் இருக்கும் கேமராவில் 1.52க்கு ஜீப் ஒன்று ஊரைவிட்டு வெளியே போவது பதிவாகியிருந்தது. அந்தக் கேமராவை வைக்கச் சொல்லி நச்சரித்ததே அந்த ஸ்டேஷன்தான் என்று கடைக்கார அண்ணாச்சி சொன்னார். பதினைந்து நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்றார். அன்று சாயங்காலமே ஜூனியரை அனுப்பி, புதுச் சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63(4)இன்படி சான்றிதழோடு நகல் எடுத்துவிட்டோம். இந்தச் சான்றிதழ் இல்லாமல் பென்டிரைவை மட்டும் நீட்டிவிட்டு, விசாரணையில் கைபிசைந்து நின்ற வக்கீல்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்குள் நுழைந்ததற்குக் கணக்கு

போலீஸ் கதைப்படி வீட்டுச் சோதனையே நடக்கவில்லை. ஆகையால் சோதனைக்கான காகிதம் எதுவும் கோப்பில் இருக்க முடியாது. எங்களுக்கு அதுவே முதல் சாதகம்.

உண்மையில் அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? பெரியவனைப் பிடிக்க வந்தார்கள் என்றால் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 44ஆவது பிரிவு. அவன் உள்ளே இருக்கிறான் என்று நம்பக் காரணம் வேண்டும். தாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிக் கதவைத் திறக்கக் கேட்க வேண்டும். திறக்க மறுத்தால்தான் உடைக்கலாம். உள்ளறையில் பெண் இருந்தால் அவர் வெளியே வர அவகாசம் தர வேண்டும். பொருளைத் தேடி வந்தார்கள் என்றால் 185. வாரண்ட் வாங்க நேரமில்லை என்பதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுத வேண்டும். சோதனையைச் செல்போனிலாவது படம் பிடிக்க வேண்டும். எழுதிய காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவரிடம் (மாஜிஸ்ட்ரேட்டிடம்) போக வேண்டும். 103இன்படி அந்த வட்டாரத்துக் கண்ணியமான ஆட்கள் இரண்டு பேர் சாட்சி. 105 எல்லாச் சோதனைக்கும் கைப்பற்றுதலுக்கும் ஒலி-ஒளிப்பதிவைக் கட்டாயமாக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம்.

கால்வாய்ப் பாலத்தில் கைப்பற்றியதாகச் சொன்ன அரிவாளுக்கும் 105 பொருந்தும். அந்தப் பதிவு எங்கே என்று கேட்டோம். ‘சிக்னல் இல்லை’ என்று பதில் வந்தது. படம் பிடிக்கச் சிக்னல் எதற்கு என்று நடுவர் கேட்டார். மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

மூன்றாவதாக ஒரு வாதம் அவர்களுக்கு இருந்திருக்கும்: ஹிஸ்டரி ஷீட் உள்ளவன் வீடு, கண்காணிப்புக்குப் போனோம் என்று சொல்லலாம். அந்தக் கதவு 1962லேயே அடைபட்டது. கரக் சிங் வழக்கில், கண்காணிப்பு என்ற பெயரில் ராத்திரியில் வீட்டுக்கதவைத் தட்டும் உத்தரப் பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அதையே மறுபடி சொன்னது: ரௌடிப் பட்டியலில் இருக்கிறவன் என்பதற்காக நடுராத்திரியில் கதவைத் தட்டி வெளியே வா என்று கூப்பிட அதிகாரமில்லை. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். 2024 மே 7 அன்று அமானத்துல்லா கான் வழக்கில், ஹிஸ்டரி ஷீட்டில் சம்பந்தமில்லாத குடும்பத்தாரையும் சிறுவர்களையும் இழுத்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மற்ற மாநிலங்களும் தங்கள் விதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. எங்கள் ஊர் ஸ்டேஷன் ரிஜிஸ்டர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இளம் வக்கீல்கள் பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. சோதனை சட்டவிரோதம் என்று நிரூபித்துவிட்டால் கைப்பற்றிய பொருள் தானாக விழுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சினிமாவிலும் அமெரிக்கச் சீரியலிலும் விழும். அந்த நாட்டில் அப்படி ஒரு விதி உண்டு. நமக்குக் கிடையாது. 1973இல் பூரண் மல் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது இன்றும் நிற்கிறது: சோதனை முறைகேடாக இருந்தாலும், பொருத்தமான சாட்சியம் என்றால் கோர்ட் பார்க்கலாம். போதைப்பொருள் சட்டத்தின் 50ஆவது பிரிவு போலச் சில இடங்களில்தான் கண்டிப்பு கூடுதல். அதனால் நாங்கள் ‘சோதனை செல்லாது’ என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ‘சோதனை நடந்தது, நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்’ என்று மட்டும் பேசினோம். முறைகேட்டை மன்னிக்கலாம். 1.15க்கு வீட்டில் எடுத்த அரிவாளை 5.45க்குப் பாலத்தில் எடுத்ததாக எழுதினால், அந்த எழுத்தை நம்பி எதையும் நிறுவ முடியாது.

எலும்பு சொன்னது

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. வழுக்கி விழுகிறவன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவான். அப்போது பாரம் ஏறுவது பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டிய ரேடியஸ் முனையில், அது உடையும். வயதானவர்கள் வாசலில் விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டு வருவது இதற்குத்தான்.

தலையை நோக்கி வரும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினால், வெளிப்பக்கம் திரும்பி நிற்பது அல்னா. அடி அதன் நடுத்தண்டில் நேராக விழும். ரேடியஸுக்கு ஒன்றும் ஆகாது. அல்னா மட்டும், நடுவில் மட்டும் உடைந்த முறிவுக்கு எலும்பு மருத்துவத்தில் ‘நைட்ஸ்டிக் முறிவு’ என்றே பெயர். நைட்ஸ்டிக் என்பது அமெரிக்கப் போலீஸ்காரரின் தடி. எலும்பு முறிவுக்கே லத்தியின் பெயரை வைத்துவிட்டார்கள் மருத்துவர்கள்!

நான் ஐகிரவுண்டுக்குப் போனபோது மணி பதினொன்றரை. பையன் கட்டிலில் கிடந்தான். இடது கையில் மாவுக்கட்டு. வலது கை விலங்கில், விலங்கு கட்டில் காலில். 2025 பிப்ரவரி 7ஆம் தேதி விஹான் குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது இதே காட்சியைத்தான், ஹரியாணாவில். புதுச் சட்டத்தின் 43(3) சிலவகைக் குற்றங்களில் விலங்கிட அனுமதிக்கிறது. சட்டவிரோத ஆயுதமும் அந்தப் பட்டியலில் உண்டு. வாழைத்தார் வெட்டுகிற அரிவாளுக்கு ஆயுதச் சட்டத்தைச் சேர்த்ததில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது. ஏட்டையாவிடம் தன்மையாகத்தான் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்.

ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் ‘கால்வாய்க் கரையில் தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்று இருந்தது. யார் கூறியது? அழைத்து வந்த காவலர். அடிபட்டவன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே இரண்டு பேர் நிற்கையில் எப்படித் திறப்பான்? டியூட்டி டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கு வெளியே வரிசை நிற்கிறது. ஆனால் அவர் எடுத்த எக்ஸ்ரே நேர்மையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ரேடியஸ் முழுசாக இருந்தது. அல்னா நடுத்தண்டில் குறுக்காக ஒரு கோடு.

போர்வையை விலக்கினால் தொடைக்குப் பின்புறம் இன்னொரு சாட்சியம். உருண்டையான கம்பு வேகமாகப் படும்போது, பட்ட இடத்திலிருந்து ரத்தம் இரு பக்கமும் ஒதுங்கும். நடுவில் வெளுப்பாகவும் இரண்டு ஓரத்திலும் சிவப்பாகவும் தண்டவாளம் போல ஜோடிக் கோடு விழும். அப்படி இரண்டு ஜோடி. கால்வாய்க் கரை எவ்வளவு வழுக்கினாலும் தொடையில் தண்டவாளம் போடாது. நாளாக ஆக இந்தக் கோடுகள் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். சிறையில் பதினைந்து நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வருகிறவன் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் முதல் நாள்.

சட்டம் பலப்பிரயோகத்தை அடியோடு மறுக்கவில்லை. கைதை எதிர்த்து மல்லுக்கு நின்றால், பிடிப்பதற்குத் தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது 43. தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்பாடு கூடாது என்கிறது 46. ‘தேவை’ என்பதை எந்த நேரத்திலிருந்து கணக்கிடுவது என்பதில்தான் சண்டை. போலீஸ் கதை எப்போதும் அரிவாள் ஓங்கிய நொடியில் தொடங்கும். அதற்கு முன் நடந்தது எதுவும் கதையில் இருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மே 15 அன்று ‘பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ்’ வழக்கில் இதே கேள்வியை எடுத்தது. சுங்கக் கட்டணம் கட்டாத காரை நிறுத்திய அதிகாரி, கார் நகர்ந்ததும் அதன் படியில் தாவி ஏறி, ஓட்டியவரைச் சுட்டார். சுட்ட அந்த இரண்டு நொடியை மட்டும் பார்த்தால் போதும் என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. போதாது, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்து முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்று ஒருமனதாக வந்தது தீர்ப்பு. நம் கோர்ட்டில் அது செல்லுபடியாகாது; நானும் காட்டவில்லை. ஆனால் கால்வாய்ப் பாலத்துக்கு முந்தைய நாலரை மணி நேரத்தைப் பார்க்கச் சொல்லி நான் வாதாடியபோது அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நாலரை

தென்மாவட்டத்து வக்கீல்களுக்கு ரிமாண்ட் (கைதானவரை நடுவர் முன் நிறுத்திக் காவலில் வைக்கக் கேட்பது) என்றால் 2020 ஜூன் ஞாபகம் வராமல் இருக்காது. சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும். 19ஆம் தேதி பிடித்தார்கள். இருவருக்கும் மருத்துவத் தகுதிச் சான்று கிடைத்தது, ரிமாண்டும் கிடைத்தது, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தார், 23ஆம் தேதி தந்தை. அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, விசாரிக்கப் போன நடுவரைப் போலீஸார் ஸ்டேஷனிலேயே அவமதித்தது, ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடும்படி கிளை சொன்னது எல்லாம். ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். இத்தனையும் நடந்தது இரண்டு உயிர் போன பிறகு. அதற்கு முன்னால் ஒரு டாக்டர், ஒரு நடுவர், ஒரு சிறை வாசல் என்று மூன்று இடங்களைத் தாண்டித்தான் அவர்கள் போயிருக்கிறார்கள். மூன்றில் எங்காவது ஒருவர் வேட்டியை விலக்கிப் பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் பாளையங்கோட்டை கோர்ட் டீக்கடையில் பேச்சு வரும்.

எங்கள் பையனை வளாகத்துக்குக் கொண்டுவந்தபோது மணி நாலு. வராந்தாவில் வைத்து ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். கைதுக்கான காரணம் என்று தலைப்பு. கீழே பிரிவு எண்கள் மட்டும். 2023 அக்டோபர் 3ஆம் தேதி பங்கஜ் பன்சல் வழக்கில் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்கு என்று தொடங்கி, 2024 மே 15 பிரபீர் புர்கயஸ்தா வழக்கில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவுக்கு வந்து, 2025 நவம்பர் 6ஆம் தேதி மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் எல்லாக் குற்றங்களுக்கும் என்று உச்ச நீதிமன்றம் விரித்துவிட்டது: கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனே முடியாவிட்டாலும், ரிமாண்டுக்கு முன்நிறுத்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலாவது தந்தாக வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. தந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு போலீஸுடையது என்று விஹான் குமார் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். “கையெழுத்துப் போடு. போட்டுட்டுக் கீழ மணியையும் எழுது.” அவன் இடதுகைக்காரன். வலது கையால் கோணல்மாணலாக ‘4.10’ என்று எழுதினான். நாலரைக்கு நடுவர் முன்னால் நிறுத்தினார்கள். அந்த இரண்டு எண்ணும் ஒரு புள்ளியும் இல்லாமல் இருந்திருந்தால், காலையிலேயே கொடுத்துவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள்.

“போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?” என்று நடுவர் கேட்டார். பையன் தலையை ஆட்டினான், இல்லை என்று. எத்தனை ரிமாண்டில் நான் இதைப் பார்த்திருக்கிறேன்! ‘புகார் இல்லை’ என்று ஒரு வரி எழுதப்படும், அதோடு கதை முடியும். என் ஆரம்ப காலத்தில் இப்படி ஓர் ஆளுக்காக நின்று, அவன் தலையாட்டியதும் நானும் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அவன் அடிபட்டதைச் சொன்னபோது, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டு மனுவைத் தள்ளினார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது.

இந்தத் தடவை எழுந்து, எஸ்கார்ட் காவலர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நடுவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அனுப்பினார். கதவு சாத்திய பிறகும் அரை நிமிடம் மௌனம். அதன்பின் பையன் பேசத் தொடங்கினான். பேசியது முழுவதையும் நடுவர் தன் கைப்பட எழுதினார். தொடையையும் பார்த்தார், கோடுகளின் நீளத்தைக் குறித்துக்கொண்டார்.

அன்று அவர் போட்ட உத்தரவு ஒன்றரைப் பக்கம். கைதுக் காரணம் உரிய நேரத்தில் தரப்படவில்லை, குற்றங்களும் ஏழு வருடத்துக்கு உட்பட்டவை, கைது செய்யாமல் விசாரணைக்கு வரச்சொல்லும் 35(3) நோட்டீஸ் ஏன் போதாது என்பதற்குக் கோப்பில் விளக்கம் இல்லை என்று சொல்லி ரிமாண்டை மறுத்தார். 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்ததிலிருந்து நாங்கள் எல்லோரும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிற வாதம்தான் அது. நான் நின்ற வழக்குகளில் அது ரிமாண்ட் மேஜையிலேயே பலித்தது இது மூன்றாவது முறை. இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து மறுபரிசோதனை செய்யவும், 100 அழைப்புப் பதிவையும் ஸ்டேஷன் கேமரா பதிவையும் பத்திரப்படுத்தவும் அதே உத்தரவில் சொன்னார்.

கேமரா பதிவு வரவில்லை. பழுது என்றார்கள். சாத்தான்குளத்தில் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் அன்றன்றைக்குப் பதிவு அழியும்படி வைத்திருந்தார்கள். அதே 2020 டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் லாக்கப், வராந்தா, வாசல் எல்லாம் தெரியும்படி கேமரா வைத்துப் பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவானது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கேமராக்கள் வேலை செய்யாததைப் பற்றித் தானாக முன்வந்து மறுபடி ஒரு வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. தெருமுனைப் பலசரக்குக் கடையின் கேமரா ஒருநாளும் பழுதானதில்லை.

பிறகு

மருத்துவர்கள் அறிக்கை எதிர்பார்த்தபடியே ஜாக்கிரதையாக இருந்தது. அல்னா முறிவு மழுங்கலான பொருளால் நேராக அடிபட்டதற்கு ஒத்துப்போகிறது, தொடைக் காயங்கள் கம்பால் ஏற்பட்டவை, விழுந்ததால் முறிவு ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் எந்த மருத்துவரும் எழுத மாட்டார். எங்களுக்கு இது போதும்.

போலீஸார் மீது பி.என்.எஸ். 120இன்படி, வாக்குமூலமோ தகவலோ பிடுங்குவதற்காகக் காயப்படுத்தியது என்று புகார் கொடுத்திருக்கிறோம். கொடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை தண்டனை. அரசு ஊழியர் என்பதால் பி.என்.எஸ்.எஸ். 175(4) வழியாக, மேலதிகாரியின் அறிக்கையை வாங்கிப் பார்த்த பிறகுதான் நடுவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும். அந்த அறிக்கை இன்னும் வரவில்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போயிருக்கிறது; அதன் பரிந்துரை அரசைக் கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொன்னதிலிருந்து அந்தக் கதவுக்குக் கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கிறது. காவலில் இருக்கும்போது காயம் ஏற்பட்டால் போலீஸ்தான் ஏற்படுத்தியது என்று அனுமானிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985லேயே, தன் 113ஆவது அறிக்கையில், கேட்டது. ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், அந்தப் பிரிவு அதிலும் இல்லை. இருந்திருந்தால் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு மல்லாட வேண்டியிருக்காது.

பையன் மேல் போட்ட வழக்கை ரத்து செய்ய மதுரைக் கிளைக்குப் போவதா என்பதில் எனக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. அந்த எப்.ஐ.ஆர். உயிரோடு இருக்கட்டும், அதில் எழுதிய மணிகளை வைத்துக் குறுக்கு விசாரணையில் பார்த்துக்கொள்வோம் என்பது என் எண்ணம். ரத்தாகிவிட்டால் அந்தப் பொய்யும் சேர்ந்து மறைந்துவிடும். அவனுக்குத் துபாயில் ஒரு வேலை தோதாகியிருக்கிறது. போலீஸ் சான்றிதழ் வேண்டும். “எனக்குக் கேஸ் போனாப் போதும் அண்ணாச்சி” என்றான். வழக்கை ரத்து செய்யக் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 528இன் கீழ் மனு போட்டாயிற்று. அரசுத் தரப்பு பதில் தர அவகாசம் கேட்டிருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஒரு காவலர் பலசரக்குக் கடைக்கு வந்து, தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தாராம். அன்று ராத்திரி எடுத்துக்கொண்டு போன இரண்டு செல்போன்கள். மகஜரிலும் கோர்ட்டுக்கு அனுப்பிய சொத்துப் பட்டியலிலும் அரிவாள் மட்டும்தான் இருக்கிறது. செல்போன் பற்றி ஒரு வரி கிடையாது. எடுக்கவே இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள். “ஒங்க அக்காட்ட குடுத்திருங்க அண்ணாச்சி, கேட்டா கீழ கெடந்துச்சின்னு சொல்லுங்க” என்றாராம் காவலர்.

கடைக்காரர் ஆள் விட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. பொட்டலத்தைத் தொடவில்லை. கை இரண்டையும் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாராம்:

“எத்தன மணிக்கு எடுத்தீய, எத்தன மணிக்குக் குடுக்கீயன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க. வாங்கிக்கிடுதேன்.”

பொட்டலம் திரும்பவும் ஸ்டேஷனுக்கே போய்விட்டது.